அரசர்கள் ஒழிக, நம்ம சுல்தான் தவிர

பொள்ளாச்சியிலிருந்து கிளம்பி மீனாட்சிபுரத்தில் எல்லையைத் தாண்டினால் பெரிதாக ஒன்றும் மாறாது. அதே தென்னை, அதே வெயில், அதே கணவாய்க் காற்று. டீக்கடைப் பேச்சு தமிழில் கிளம்பி மலையாளத்தில் போய் இறங்கும். நடுவில் எங்கே பஸ் மாறியது என்று பேசியவருக்கே தெரியாது. ஒரே ஒரு வித்தியாசம், அந்தப் பக்கம் கள்ளுக்கடை உண்டு. அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது ஆளைப் பொறுத்தது.

கொஞ்ச தூரத்தில் கன்னிமாரி, அதை ஒட்டிப் பிளாச்சிமடை. எல்லாம் பெருமாட்டி பஞ்சாயத்து. 2004 ஜனவரியில் இந்தப் பக்கத்துக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். பெயர் ஜோஸே பொவே. நம்மூர் அய்யனார் பார்த்தாலே எழுந்து நின்று மரியாதை செய்யும்படியான மீசை. 1999-ல் தன் நாட்டில் மில்லோ என்ற ஊரில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையைத் தோழர்களோடு போய்ப் பிரித்துப் போட்டு, அதற்காக ஜெயிலும் பார்த்தவர். இங்கே கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற போராட்டத்துக்கு ஆதரவாக நடந்த உலகத் தண்ணீர் மாநாட்டுக்கு வந்திருந்தார்.

வந்து பார்த்தால், இவர் கற்றுக்கொடுக்க இங்கே ஒரு பாடமும் பாக்கியில்லை. மயிலம்மா என்கிற ஆதிவாசிப் பெண்மணியும் மற்றவர்களும் 2002 ஏப்ரல் 22 முதலே ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெருமாட்டி பஞ்சாயத்து 2003-லேயே ஆலை லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. அட்லாண்டாவில் தலைமையகம் வைத்திருக்கிற கம்பெனியிடம், வீட்டுவரி ரசீது போடுகிற ஆபீஸ் 'நோ' சொல்கிறது! பொவே உரை நிகழ்த்தினார், கைதட்டினார்கள், கிளம்பினார். பந்தல் அங்கேயே இருந்தது.

பொவேயை நான் குறை சொல்ல வரவில்லை. நல்ல மனிதர், யாரையும் ஏமாற்றவும் இல்லை. அவரைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது வேறொரு பிரெஞ்சுக்காரர். பொவேக்கு 207 வருஷத்துக்கு முன்னால் இதே மேற்குக் கரையில் வந்து இறங்கி, ஒரு சுல்தானுக்கே சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் கற்றுக்கொடுத்த ஆசாமி. அவருக்கு மாநாட்டு அழைப்பிதழ் எல்லாம் கிடையாது. கப்பலின் பாய்மரம் உடைந்து போயிருந்தது, அவ்வளவுதான்.

அதற்குள் போவதற்கு முன், இந்த வட்டாரத்துக்கும் மைசூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் ஒரு வராக்கடன்.

1757 வாக்கில் பாலக்காட்டு ராஜாவுக்கும் கோழிக்கோட்டு ஸாமோரினுக்கும் சண்டை. வாய்க்கால் தகராறு மாதிரி ஆரம்பித்து ராஜ்ஜியத் தகராறாக முற்றிவிட்டது. பாலக்காட்டு ராஜா சுற்றுமுற்றும் பார்த்தார். திண்டுக்கல்லில் மைசூரின் ஃபௌஜ்தாராக ஒரு துடிப்பான அதிகாரி இருந்தார். அவரைக் கூப்பிட்டார். அதிகாரியின் பெயர் ஹைதர் அலி. வீட்டில் எலி இருக்கிறது என்று புலியை வாடகைக்கு எடுத்த கதை.

ஹைதர் படை அனுப்பினார். ஸாமோரின் ஆடிப்போய், 'சண்டை வேண்டாம், 12 லட்சம் ரூபாய் தருகிறேன்' என்று எழுதிக்கொடுத்தார். எழுதிக்கொடுத்ததோடு சரி. இன்று ஒரு தவணை தவறினால் பாங்க் முதலில் எஸ்எம்எஸ் அனுப்பும், அப்புறம் போன் வரும், அப்புறம் வாட்டசாட்டமாக ரெண்டு பேர் வருவார்கள். ஹைதர் ஒன்பது வருஷம் பொறுத்தார். 1766-ல் படையோடு அவரே வந்தார். வசூலுக்கு வந்தவர் பாலக்காட்டில் பெரிய கோட்டையும் கட்டிவிட்டார். அவரைக் கூப்பிட்ட ராஜா அந்தக் கோட்டையை தினமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

மலபாரில் அந்த வருஷங்களை இன்றும் 'படையோட்டக் காலம்' என்பார்கள். ஊரை விட்டு ஓடிய குடும்பங்கள், கட்டாய மதமாற்றங்கள், இடிந்த கோயில்கள் எல்லாம் அந்த ஞாபகத்தில் உண்டு. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பக்கத்திலேயே சித்தூர் வட்டாரம் கொச்சி ராஜாவுடையது. அவர் சாமர்த்தியமாக மைசூருக்குக் கப்பம் கட்டிக்கொண்டு பிழைத்தார். பிறகு 1791-ல் கட்சி மாறி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பம் கட்ட ஆரம்பித்தார். வாங்குகிற கைதான் மாறியது.

ஹைதருக்குப் பிறகு மகன் திப்பு. இவரைப் பற்றி இரண்டே வகை புத்தகங்கள்தான் வருகின்றன. ஒன்றில் சுதந்திரப் போராட்ட வீரர், இன்னொன்றில் கொடுங்கோலர். இரண்டிலும் காணாமல் போகிற திப்பு ஒருவர் உண்டு: எதைப் பார்த்தாலும் 'இதை நான் மாற்றியே தீருவேன்' என்று கை துறுதுறுக்கிற திப்பு. எடை, அளவு, நாணயம் எல்லாவற்றையும் மாற்றினார். ஊர்ப் பெயர்களை மாற்றினார். மைசூர் நஸராபாத் ஆனது. திண்டுக்கல் காலிகாபாத் ஆனது. நல்லவேளை, அது நிலைக்கவில்லை. 'காலிகாபாத் தலப்பாக்கட்டு' என்று போர்டு வைத்தால் யாராவது உள்ளே போவார்களா?

காலண்டரையும் விடவில்லை. மாதங்களுக்குப் புதுப் பெயர், வருஷங்களுக்குப் புதுப் பெயர், புது சகாப்தம். அதிகாரிகள் பாவம், கணக்கு எழுதுவதற்கு முன்னால் இன்றைக்கு என்ன தேதி என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போயிருக்கும்.

இதே நேரத்தில் பூமியின் இன்னொரு மூலையில் பாரிஸில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்கிறீர்கள்? ராஜாவைத் தூக்கியெறிந்த கையோடு எடை, அளவு, நாணயம் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாதங்களுக்குப் புதுப் பெயர், புது சகாப்தம், வாரத்துக்குப் பத்து நாள்! ஞாயிற்றுக்கிழமை லீவு பத்து நாளுக்கு ஒருமுறைதான். புரட்சியை மக்கள் மன்னித்தார்கள். இதை மட்டும் மன்னிக்கவே இல்லை. ஒரு பக்கம் ஆண்டவன் கொடுத்த அரசு என்று சொல்லிக்கொண்ட பாதுஷா, இன்னொரு பக்கம் ராஜாவின் தலையை வெட்டிய குடியரசு. இரண்டு பேருக்கும் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரைப் பார்த்தால் ஒரே எரிச்சல். ஜாதகம் பொருந்தாமல் இருக்குமா?

உண்மையில் திப்புவின் முதல் பிரெஞ்சு சிநேகிதர் அந்தத் தலைக்குச் சொந்தக்காரர்தான். 1788-ல் திப்புவின் மூன்று தூதர்கள் பதினாறாம் லூயியிடம் போய்ச் சேர்ந்தார்கள். பாரிஸ் பெண்கள் அவர்களுடைய தலைப்பாகையைப் பார்க்க முண்டியடித்தார்கள். அவர்களில் ஒருவரான முகமது தர்வேஷ் கானை விஜே லெ ப்ரன் என்ற பிரபல ஓவியர் ஆளுயரத்துக்கு வரைந்தார். திப்பு கேட்டது படை. லூயி கொடுத்தது முக்கியமாக அழகான செவ்ர் பீங்கான். ஆங்கிலேயனைச் சுட பீரங்கி கேட்டவருக்கு டீ செட் வந்து சேர்ந்தது. 1793 ஜனவரியில் லூயிக்குத் தலையும் போனது.

இங்கே 1792-ல் ஆங்கிலேயரோடு போரில் தோற்று, திப்புவுக்குப் பாதி ராஜ்ஜியம் போனது. மலபார், பாலக்காட்டுக் கோட்டை உட்பட, கம்பெனிக்கு. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் அபராதம். அது தீரும்வரை இரண்டு மகன்கள் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸிடம் பணயம். இந்த நிலையில் ஒரு மனிதனிடம் யார் வந்து எந்த நம்பிக்கையை விற்றாலும் வாங்கத்தான் செய்வான்.

விற்கவும் ஒருவர் வந்தார்.

1797 தொடக்கத்தில் மங்களூர் கரையில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் ஒதுங்கியது. அதன் கேப்டன் ஃபிரான்ஸுவா ரிப்போ. தொழில், அரசு அனுமதியோடு அடுத்தவன் கப்பலைக் கொள்ளையடிப்பது. கப்பலில் பாய்மரம் போய்விட்டது; ரிப்பேர் செய்யணும், கையில் காசில்லை. இப்படிப்பட்ட சூழ்நிலையில் நீங்களும் நானும் யாரிடமாவது கடன் கேட்போம். ரிப்போ தன்னைப் பிரெஞ்சுக் குடியரசின் பிரதிநிதி என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். 'மொரிஷியஸில் பத்தாயிரம் வீரர்கள் பெட்டி படுக்கையோடு ரெடி. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான்' என்றார்.

திப்புவின் மந்திரிகளுக்கு ஆள் மேல் சந்தேகம். எச்சரித்துப் பார்த்தார்கள். ஆனால் திப்பு வருஷக்கணக்காக இந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தவர். ஆன்லைனில் லாட்டரி விழுந்திருக்கிறது என்று மெயில் வந்ததும், வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றாலும் அக்கவுண்ட் நம்பரைக் கொடுக்கிற பெரியப்பா எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. மைசூரில் அவர் சிம்மாசனத்தில் இருந்தார்.

இனிமேல்தான் கச்சேரி. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவிடம் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர்கள் சிலர் இருந்தார்கள். பீரங்கிக்காரர்கள், கைவினைஞர்கள். சம்பளம் வருகிறதா, சாப்பாடு சரியா என்பதற்கு மேல் உலக விவகாரம் அவர்களுக்கு வேண்டியிருந்திருக்காது. ரிப்போ விடவில்லை. 1797 மே மாதம் அவர்களைக் கூட்டி, பாரிஸ் புரட்சிக்காரர்களின் பாணியில் ஒரு ஜேக்கபின் கிளப் ஆரம்பித்தார். உறுப்பினர்கள் 59 பேர். தலைவர், செயலாளர், தீர்மானம், மினிட்ஸ் புக் எல்லாம் முறைப்படி.

ஒரு சின்ன விஷயம். பாரிஸில் இருந்த ஒரிஜினல் ஜேக்கபின் கிளப்பை 1794 நவம்பரிலேயே இழுத்து மூடியாயிற்று. தலைவர்களில் பலருக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றும் மிச்சமில்லை. ஹெட் ஆபீஸ் திவாலாகி இரண்டரை வருஷம் கழித்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிராஞ்ச் திறப்பு விழா!

விழாவும் சாமானியமில்லை. அதே மாதம் மூவர்ணக் கொடி ஏற்றினார்கள். அந்த மினிட்ஸ் புக்கை நம்பினால், திப்பு உத்தரவின் பேரில் 2,300 பீரங்கி முழங்கியது, 500 ராக்கெட் விட்டார்கள். சுதந்திர மரம் நட்டார்கள். மரத்தின் உச்சியில் சமத்துவக் குல்லாய். ராஜா காலத்துச் சின்னங்களைக் கொளுத்தினார்கள். திப்புவை 'சிட்டிசன்' என்று அழைத்தார்கள். பாதுஷா, நவாப், சுல்தான், கடவுள் அருளிய அரசின் அதிபதி என்று இத்தனை பட்டம் சேர்த்து வைத்திருந்த மனிதர், எல்லாவற்றிலும் சின்னப் பட்டமான 'குடிமகன்' என்பதற்கு இத்தனை வெடிமருந்தைச் செலவழித்திருக்கிறார்.

பிறகு சத்தியப் பிரமாணம். எல்லோரும் கையை உயர்த்தி, உலகத்தில் இருக்கிற எல்லா அரசர்களையும் வெறுப்போம் என்று சபதம் எடுக்கவேண்டும். சுதந்திர மரத்தடியில், சமத்துவக் குல்லாய்க்குக் கீழே. ஆனால் சம்பளம் கொடுப்பவர் யார்? கோட்டை யாருடையது? சாயங்காலம் சாப்பாடு எங்கிருந்து வரும்? ரிப்போ யோசித்திருக்கிறார். சபதம் இப்படி அமைந்தது: குடியரசின் நண்பரான வெற்றிவீரர் திப்பு சுல்தான் தவிர மற்ற எல்லா அரசர்களையும் வெறுப்போம்.

தவிர!

ஐயா, உலக அரசியலில் எத்தனையோ சாசனங்கள், பிரகடனங்கள், பக்கம் பக்கமாக உடன்படிக்கைகள். அத்தனையிலும் உழைக்கிற சொல் இந்த ஒன்றுதான். சுதந்திரம், சமத்துவம் எல்லாம் மேடையில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 'தவிர' மட்டும் பின்னால் நின்று சமையல் வேலை பார்க்கும். மற்றவர்கள் அதைச் சின்ன எழுத்தில் அடிக்குறிப்பாகப் போடுவார்கள். ரிப்போவின் பெருந்தன்மையைப் பாருங்கள், வெளிச்சம் போட்டு சபதத்திலேயே வைத்துவிட்டார்.

மரம் நட்டது யாருடைய மண்ணிலோ, அந்த மண்ணை உழுகிற மைசூர்க் குடியானவனை யாரும் கூப்பிடவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ராத்திரி 500 வாணவேடிக்கை. யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டிருப்பான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த மினிட்ஸ் புக் நமக்குக் கிடைத்தது எப்படி? 1799-ல் திப்பு இறந்தபின் ஆங்கிலேயர்கள் அரண்மனையில் 'கண்டெடுத்து' அச்சடித்து வெளியிட்டார்கள். போருக்கு நியாயம் தேடிக்கொண்டிருந்தவன் கையில் சரியான நேரத்தில் சரியான ஃபைல்! பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழான் பூத்தியே, இது எந்த அளவுக்கு நிஜம் என்று பலமாகச் சந்தேகப்பட்டிருக்கிறார். ஆக, இது 18-ஆம் நூற்றாண்டின் வாட்ஸ்அப் ஃபார்வர்டாகவும் இருக்கலாம். என் கட்சி என்னவென்றால், அந்தத் 'தவிர'வைக் கற்பனையில் உருவாக்கும் அளவுக்குக் கம்பெனி குமாஸ்தாக்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததாக வேறு ஆதாரம் இல்லை.

ரிப்போ மொரிஷியஸிலிருந்து பத்தாயிரம் பேர் என்றாரே, அந்தத் தீவை ஒருமுறை எட்டிப் பார்ப்போம். அப்போது அதற்கு 'ஈல் த ஃபிரான்ஸ்' என்று பெயர். கரும்புத் தோட்டங்கள், அதில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகள். 1794-ல் பாரிஸ் குடியரசு அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. அதை அமல்படுத்த பாக்கோ, பூர்னெல் என்ற இரண்டு அதிகாரிகள் 1796 ஜூனில் தீவில் வந்து இறங்கினார்கள். தோட்ட முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு பேரையும் நாலே நாளில் கப்பலேற்றி விட்டார்கள். மூவர்ணக் கொடி இருக்கட்டும், கோஷம் இருக்கட்டும், எங்கள் அடிமைகள் தவிர.

அதாவது மைசூருக்குச் சுதந்திரத்தை ஏற்றுமதி செய்ய வேண்டிய கிடங்கில் அந்தச் சரக்கு உள்ளே வரவே அனுமதி இல்லை.

திப்புவின் இரண்டு தூதர்கள் ரிப்போவோடு 1798 ஜனவரியில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். உத்தரவு கண்டிப்பானது: வியாபாரிகள் மாதிரிப் போகணும், பரம ரகசியம், காற்றுக்குக்கூடத் தெரியக்கூடாது. கவர்னர் மாலார்டிக் நல்ல மனிதர், விருந்தோம்பல் தெரிந்தவர். தூதர்களை ஊரறிய வரவேற்று மரியாதை செய்தார். விஷயத்தைக் கேட்டார். பத்தாயிரம் பேரா? அவரிடம் அனுப்புவதற்கு ஒரு ரெஜிமெண்ட்கூட இல்லை. ஆனால் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதா? யோசித்து ஒரு காரியம் செய்தார். 'திப்பு சுல்தான் ஆங்கிலேயரை இந்தியாவிலிருந்து துரத்த நம்மோடு கூட்டுச் சேர விரும்புகிறார், தொண்டர்கள் தேவை' என்று ஜனவரி 30-ஆம் தேதி பொது அறிவிப்பு அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்.

தூதர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பரீட்சைக் கேள்வித்தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு, 'ஆனால் யாரும் பார்க்காதீர்கள்' என்று சொன்ன வாத்தியாரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அந்த அறிவிப்பில் ஒரு வரி எனக்கு உயிர். வருகிற வீரர்களுக்குப் போருக்கு வேண்டிய எல்லாவற்றையும் சுல்தான் தருவார், ஒயினும் பிராந்தியும் தவிர. அது அவரிடம் சுத்தமாகக் கிடையாது. மறுபடியும் 'தவிர'! திப்பு மதுவிலக்குக்காரர். மாலார்டிக் நேர்மையானவர், மறைக்கவில்லை. ஒரு பிரெஞ்சுச் சிப்பாயைக் கடல் தாண்டிச் சாகக் கூப்பிடுகிறீர்கள், அங்கே ஒயின் கிடைக்காது என்று கூடவே சொல்லியும் விடுகிறீர்கள். ராணுவ ஆள்சேர்ப்பு வரலாற்றில் இப்படியொரு விளம்பரம் வந்திருக்குமா தெரியவில்லை.

பத்தாயிரம் கேட்டார்கள். வந்தவர்கள் 99 பேர். 1798 ஏப்ரலில் மங்களூரில் இறங்கினார்கள். ஒரு ரூபாய் மொய்யைச் சேர்த்து வைத்தால் நூற்றொன்று எழுதலாம் என்பதற்குக்கூட ஒரு ரூபாய் உதைக்கிறது.

மாலார்டிக்கின் அறிவிப்பு மட்டும் யாருடைய உதவியும் இல்லாமல் கடல் தாண்டியது. ஜூன் மாதம் கல்கத்தாப் பத்திரிகையில் அச்சாகியே வந்துவிட்டது. அதைப் படித்தவர் புது கவர்னர் ஜெனரல், வெல்லெஸ்லி. 37 வயது, வேலையில் சேர்ந்து மூன்று வாரம். தென்னிந்தியாவில் ஒரு போர் வேண்டும், காரணம்தான் கிடைக்கவில்லை என்று இருந்தவருக்குக் காரணம் தபால் செலவில்லாமல் வந்து விழுந்தது. 99 பேர் என்ற எண்ணிக்கையைப் பார்த்து அவர் சிரித்திருக்கலாம். சிரிப்பதால் அவருக்கு லாபமில்லை. அதனால் பயந்தார்.

அந்தப் பக்கம் நெப்போலியன் எகிப்தில் இருந்தார். 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து திப்புவுக்குக் கடிதம் எழுதினார்: வெல்ல முடியாத, எண்ணற்ற படையோடு செங்கடல்வரை வந்துவிட்டேன், உங்களை ஆங்கிலேயரின் இரும்புப் பிடியிலிருந்து விடுவிக்கத் துடிக்கிறேன். கடிதம் ஜித்தாவிலேயே ஆங்கிலேயர் கையில் மாட்டிக்கொண்டது. திப்பு அதைப் படிக்கவே இல்லை. அவரைக் காப்பாற்றத் துடித்தவர்கள் எல்லோருமே எழுத்து வேலையில்தான் துடித்தார்கள்.

1799 மே 4 மதியம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. கோட்டைச் சுவரைச் சுற்றி ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் கொண்ட படை. திப்பு தப்பி ஓடவில்லை. வாசலருகே சாதாரணச் சிப்பாய்களுக்கு நடுவே சண்டைபோட்டுச் செத்தார். பிணக்குவியலுக்கு அடியில்தான் உடலைக் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு நேரம் கிண்டல் செய்த நானே இந்த இடத்தில் எழுந்து நிற்கிறேன். சிட்டிசனோ சுல்தானோ, கடைசி மதியத்தில் ஆசாமி சொன்ன சொல்லுக்குச் சரியாக நின்றார்.

ஜெயித்தவர்கள் என்ன சொன்னார்கள்? மைசூர் மக்களைக் கொடுங்கோலனிடமிருந்து விடுவித்தோம் என்றார்கள். சரி, மக்களிடம் ஓட்டு வாங்கினார்களா என்று கேட்காதீர்கள், வெல்லெஸ்லி சோடாவைக் கீழே வைத்துவிட்டு முறைப்பார். ஐந்து வயதுகூட நிரம்பாத, பழைய ராஜ வம்சத்து உடையார் பையனைச் சிம்மாசனத்தில் தூக்கி உட்காரவைத்தார்கள். நிர்வாகத்துக்குத் திவான் பூர்ணையா. யார் இந்தப் பூர்ணையா? ஹைதரிடமும் திப்புவிடமும் வரவுசெலவு பார்த்த அதே பூர்ணையா! ஆட்சியையே மாற்றினார்கள், கணக்குப்பிள்ளை தவிர. கணக்குப்பிள்ளையை மாற்றினால் வரி வசூல் நின்றுவிடும் என்பது எல்லாப் புரட்சிக்காரர்களுக்கும் தெரியும்.

ரிப்போவை மறந்துவிட்டேனே. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தீவுக்குப் போய், கடலுக்குப் போய், வழக்கமான தொழிலைப் பார்த்தார். 1814-ல் பிரான்ஸின் பயோன் நகரை ஆங்கிலப் படை முற்றுகையிட வந்தபோது அங்கே இறந்தார். அந்தப் படைக்கெல்லாம் மேல்தலைவர் வெலிங்டன் பிரபு, அதாவது வெல்லெஸ்லியின் தம்பி ஆர்தர். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் அந்த ஊரின் பொறுப்பை ஏற்றுக்கொண்ட அதே தம்பி. உலகம் உருண்டை என்பதை இதைவிடச் செலவாக நிரூபிக்க முடியாது.

'இதெல்லாம் பழைய கதை, இப்போது நாகரிகமாகிவிட்டது' என்பீர்கள். ஆமாம், இப்போது பீரங்கி கிடையாது. பனியன்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு ஜிஎஸ்பி பிளஸ் என்று ஒரு சலுகை கொடுத்தது. 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் உங்கள் சட்டை, ஜட்டியை வரியில்லாமல் வாங்கிக்கொள்கிறோம். ஜனநாயகத்தை உள்ளாடை வழியாக உள்ளே கொண்டுபோகிற திட்டம். அங்கே உள்நாட்டுப் போர் முடிந்தபின், மனித உரிமை விஷயத்தில் மூன்று உடன்படிக்கைகளில் இலங்கை தவறிவிட்டது என்று 2010 ஆகஸ்டில் சலுகையை நிறுத்தினார்கள். எங்கள் இறையாண்மை, நீ யார் கேட்க என்று கொழும்பு மீசையை முறுக்கியது. கஷ்டப்பட்டது தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த பெண்கள். ஆட்சி மாறி 2017 மே மாதம் சலுகை திரும்பக் கிடைத்தது. இந்தக் கண்டிப்புக்கு மரியாதை கொடுக்கலாம் என்று நான் தொப்பியைக் கழற்றும்போதே, 2020-ல் ஒரே கட்சி ஆளுகிற வியட்நாமோடு அதே ஒன்றியத்தின் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டேன்.

காமன்வெல்த் இன்னும் ஒரு படி மேலே. 2013 மார்ச்சில் ஜனநாயகம், மனித உரிமை, சட்டத்தின் ஆட்சி எல்லாம் போட்டு அழகான சாசனம் தயாரித்து ராணியிடம் கையெழுத்து வாங்கினார்கள். எட்டே மாதத்தில் உச்சி மாநாடு. எங்கே? கொழும்பில். மரபுப்படி, விருந்து வைத்த நாட்டுத் தலைவர்தான் அடுத்துச் சேர்மன். ஆகவே மஹிந்த ராஜபக்ஷ அந்தச் சாசனத்தின் பாதுகாவலர் ஆனார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டே பாயசம் குடித்தார்கள். கனடாவின் ஹார்ப்பர் வரவில்லை. நம் மன்மோகன் சிங்கும் போகவில்லை. வர இயலாது என்று எழுதிய கடிதத்தில் அவர் எவ்வளவு மென்மையாக இருந்திருப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

மனித உரிமையைக் காரணம் காட்டி வர மறுத்த இன்னொரு பிரதமர் யார் தெரியுமா? நவீன் ராம்கூலம். மொரிஷியஸ் பிரதமர். அடுத்த மாநாட்டை நடத்தும் வாய்ப்பையே அவர் விட்டுக்கொடுத்தார், அது மால்டாவுக்குப் போனது. ஒரு காலத்தில் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்த அதிகாரிகளை நாலு நாளில் விரட்டியடித்த தீவு. அன்றைய முதலாளிகளின் கரும்புத் தோட்டங்களில் பிற்பாடு கூலிகளாகப் போய் இறங்கியவர்களின் பேரன் பேத்திகள் ஓட்டுப்போடுகிற தீவு. 217 வருஷம் கழித்து அது ஒரு சொல்லைச் சொன்னது, கூடவே 'தவிர' போடாமல். இந்தக் கட்டுரையில் எனக்கே ஆச்சரியம் தந்த இடம் இது ஒன்றுதான்.

பெருமாட்டிக்கு வருவோம். பொவே வந்துபோன இரண்டாவது மாதம், 2004 மார்ச்சில், ஆலை நின்றது. அதற்குமுன் ஹைகோர்ட்டில் ஒரு நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச்சொத்து என்று தீர்ப்பு எழுதியிருந்தார். 2005-ல் இரண்டு நீதிபதிகள் அடங்கிய பெஞ்ச் அந்தத் தீர்ப்பை மாற்றி, கம்பெனி தினமும் ஐந்து லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று, இன்னொரு 'தவிர'வாக, எழுதியது. ஆனாலும் ஆலை திரும்ப நிலைத்து ஓடவில்லை. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ரிப்போவும் தெரியாது, ஜேக்கபினும் தெரியாது. மரம் நடவில்லை, குல்லாய் மாட்டவில்லை. கிணற்றுத் தண்ணீரில் சோறு வேகவில்லை என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மயிலம்மா 2007 ஜனவரியில் காலமானார்.

பிளாச்சிமடைக்கு நேர்ந்த சேதத்தை அரசு நியமித்த உயர்மட்டக் குழு கணக்கிட்டது: 216 கோடியே 26 லட்சம் ரூபாய். அதை வசூலிக்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011-ல் கேரள சட்டசபை நிறைவேற்றியது. மசோதா டெல்லிக்குப் போனது. பல வருஷம் அங்கே இருந்தது. பிறகு குடியரசுத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தது.